போடப் போடச் சரியாகிவிடுமா?

“போடப் போடச் சரியாகிடும் அக்கா.” நானுஓயா, நுவரெலியா, ஹட்டன், எந்தப் பஜாரில் சப்பாத்து வாங்கப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். வாங்க வந்தவர் விரல் நசுங்குவதைச் சொல்லத் தயங்கி நிற்பார். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். சப்பாத்து பைக்குள் போய்விடும்.

இந்தப் பேச்சில் உண்மை கொஞ்சம்தான். நல்ல தோல் சப்பாத்து அகலத்தில் சிறிது இளகிக் கொடுக்கும். நீளத்தில் எந்தச் சப்பாத்தும் இளகாது. மழைக்குப் போடும் இறப்பர் பூட்ஸும் பிவிசி பூட்ஸும் எந்தப் பக்கமும் இளகாது. அப்போது விட்டுக்கொடுப்பது கால்தான். நகம் கறுத்து விழும். சுண்டுவிரலில் ஆணி கட்டும். பெருவிரல் அடி எலும்பு பக்கவாட்டில் புடைத்து, விரல் உள்பக்கம் வளையும். அப்படி வளைந்துவிட்ட விரல் தானாகத் திரும்ப நிமிர்வதில்லை.

மலைநாட்டில் இது இன்னும் பெரிய விஷயம். நானுஓயா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885இல் இங்கே ரெயில் வந்தது. ஆனால் ஸ்டேசனை விட்டு நான்கு எட்டு வைத்தால் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். லயத்திலிருந்து காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களம், பிரட்டுக்களத்திலிருந்து மலை, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடம் என்று நாள் முழுக்க ஏறி இறங்குகிற கால்கள் இவை. இறக்கத்தில் உடம்பின் பாரமும் முதுகிலிருக்கும் கொழுந்தின் பாரமும் சேர்ந்து பாதத்தை முன்னால் தள்ளும். குதிகாலைப் பிடித்து நிறுத்தாத சப்பாத்துக்குள் ஒவ்வொரு எட்டிலும் விரல்கள் முன்பக்கம் போய் மோதும். கான் தாண்டும்போது வழுக்குவதற்கும், ஈரப் பாறையில் கணுக்கால் பிரள்வதற்கும் பல நேரம் காரணம் காலுக்கும் சப்பாத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான்.

மத்தியான நிறுவையின்போது ஓர் அக்கா தன் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கலங்கிய தண்ணீர் கொட்டியது. அதோடு பந்தாகச் சுருண்ட ஒரு பழைய துணி விழுந்தது. கொழும்பில் கட்டட வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன 8ஆம் நம்பர் பூட்ஸ் அது. அக்காவின் கால் 5ஆம் நம்பர். முன்பக்கம் துணி அடைத்துப் போட்டிருந்தார். துணி நனைந்து சுருண்டு விரல்களுக்கு அடியில் கட்டியாகியிருந்தது. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுப்பு. “அட்டை கடிக்காம இருந்தா போதும் தம்பி” என்றார். அந்த ஒரு காரியத்தை அந்தப் பூட்ஸ் செய்தது உண்மை. ஆனால் அது மட்டும் போதும் என்று அவர் நினைக்கும்படி விட்டது யார்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். அது ஆரோக்கியமான பாதம். ஆனால் கடைகளில் கிடைக்கும் சப்பாத்துகளின் அச்சுக்கட்டை பெரும்பாலும் ஒடுங்கியது. அகலம் போதாததால் ஒரு நம்பர், இரண்டு நம்பர் கூட்டி வாங்குகிறோம். நம் கடைகளில் வழங்கும் இங்கிலாந்து அளவில் ஒரு நம்பர் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர். இரண்டு நம்பர் கூட்டினால் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் வெற்றிடம். அகலத்துக்காக நீளத்தை வாங்கி, கடைசியில் இரண்டும் பொருந்தாமல் நடக்கிறோம். பெண்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். வேலைக்கான பூட்ஸ் பெரும்பாலும் ஆண்களின் பாதத்தை நினைத்துச் செய்யப்படுகிறது. பெண்களின் குதிகால் ஒடுக்கமானது. அதனால் பின்பக்கம் எப்போதும் ஆடும்.

சப்பாத்தைக் காலுக்குப் பொருத்துவதை ஒரு தொழிலாகவே செய்கிற இடம் ஒன்று உண்டு. கனடாவில், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ரொறன்ரோ போன்ற நகரங்களில், ஐஸ் ஹொக்கி விளையாட ஒரு பிள்ளைக்குச் சறுக்குச் சப்பாத்து வாங்கப் போனால், நல்ல கடையில் முதலில் இரண்டு காலையும் அளப்பார்கள். நீளம், அகலம், மேற்பாதத்தின் உயரம் மூன்றும் பார்ப்பார்கள். ஒரே நீளத்தில் ஒடுக்கம், அகலம் என்று வேறு வேறு அச்சுகள் இருக்கும். வழக்கமாகப் போடும் சப்பாத்தைவிட ஒரு நம்பர், ஒன்றரை நம்பர் சின்னதாகத்தான் பொருந்தும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் விலகிக் குதிகால் பின்னால் பதிந்து நிற்க வேண்டும். அதன் பிறகு அந்தச் சப்பாத்தை அதற்கென்றே இருக்கும் மின் அடுப்பில் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் சூட்டில் சில நிமிடம் வைப்பார்கள். உள்ளே இருக்கும் பஞ்சும் வெளி ஓடும் சூட்டில் இளகும்படி செய்யப்பட்டவை. பிள்ளை அதை அணிந்து, கயிற்றை இறுக்கி, கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஆறும்போது அந்தக் காலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே அதைப் போட்டு விளையாடவும் கூடாது.

இவ்வளவு வசதி இருந்தும் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: பிழையான அளவைச் சூடு சரியாக்காது. சரியான அளவில் இருக்கிற சின்ன உறுத்தலைத்தான் அது போக்கும். வாரத்தில் சில மணி நேரம் ஆடும் விளையாட்டுக்கு இந்தக் கவனம் கிடைக்கிறது. நாளில் எட்டு மணி நேரம் சரிவில் நிற்கும் காலுக்கு அதில் பாதியாவது கிடைக்க வேண்டும்.

சூடு என்றதும் நம் வீட்டு அடுப்பைச் சொல்லாமல் விட முடியாது. லயத்துக் காம்பராவில் நனைந்த சப்பாத்தை விறகடுப்புப் பக்கத்தில் சாத்தி வைப்பதும், அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் சாதாரணம். நாளைக் காலையும் அதையே போட வேண்டும், வேறு வழி? ஆனால் கடையில் விற்கும் சாதாரணச் சப்பாத்து சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் தளரும். தோல் எண்ணெய்ப்பசை போய் வெடிக்கும். பிவிசி கோணிக்கொள்ளும், பிறகு விறைத்துக் கீறும். இறுக்கமான பூட்ஸுக்குள் கொதிதண்ணீர் ஊற்றி இளக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பூட்ஸும் கெடும், காலும் வேகும், செய்யாதீர்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாற்றி, காற்றுப் படும் இடத்தில் வைத்தால் காலைக்குள் பெரும்பகுதி காய்ந்துவிடும். உள்ளே போடும் மெத்தைத் தகட்டைக் கழற்றித் தனியாகக் காயவைக்க வேண்டும். தோல் சப்பாத்து அகலத்தில் மட்டும் இறுக்கமாக இருந்தால் தடித்த மேசு போட்டு வீட்டுக்குள் மாலையில் அரை மணி நேரம் நடக்கலாம். அல்லது சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துக் கட்டையில் ஏற்றலாம்.

அளவு எடுப்பது பெரிய வித்தை இல்லை. பின்னேரத்தில் எடுங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் மேசோடு, சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு தாளில் நின்று, பாதத்தைச் சுற்றி வரைந்து, மிக நீளமான விரலுக்கு முன்னால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. ஒன்று பெரிதாக இருந்தால் அதுதான் கணக்கு. அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். சப்பாத்துக்குள் இருக்கும் தகட்டை வெளியே எடுத்துப் பாதத்தின் படத்தின்மேல் வையுங்கள். படம் பக்கவாட்டில் வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கில்லை. முன்னால் ஒரு விரல் அகலம், சுமார் ஒரு சென்டிமீட்டர், இடைவெளி வேண்டும். கடை வாசல் படியில் நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் மோதினாலும், ஏறும்போது குதிகால் மேலே கிளம்பினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில சப்பாத்துகளின் அடிப்பாகம் பொலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. ஈரக்காற்றில் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால், ஒரு நாள்கூடப் போடாமலேயே அது உள்ளே சிதைந்து, போட்ட முதல் வாரத்தில் பொடிப்பொடியாக உதிரும். மலிவு விலையில் தள்ளும் பழைய சரக்கை வாங்கும்போது அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தாலோ, விரலில் மாவு ஒட்டினாலோ தொடாதீர்கள்.

வெறுங்காலோடு போனால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1916 அளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கியது. அழுக்கான மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு அது. குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். மருந்து வந்து அந்த நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் வெறுங்காலுக்கு ஆபத்து போகவில்லை. கவ்வாத்து வெட்டிய குச்சி, முள்ளு, உடைந்த போத்தல், விரலிடைச் சேற்றுப்புண் எல்லாம் இருக்கின்றன. சீனி வருத்தம் உள்ளவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சப்பாத்து கடிப்பதே தெரியாது. இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடையையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், பார்க்க முடியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கொப்புளமானாலும் தோட்ட மருந்தகத்துக்கோ அரச ஆஸ்பத்திரிக்கோ அன்றே போங்கள். கொப்புளம் புண்ணாகிக் காலை எடுக்க வேண்டிவந்த குடும்பங்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, “வளருவான், ரெண்டு வருசம் போடட்டும்” என்று பெரிதாக வாங்குகிறோம். வறுமை செய்கிற கணக்கு அது, பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை அளந்து பாருங்கள். அரசு கஷ்டப் பிரதேசப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் வழங்குகிறது. உங்கள் பாடசாலை அதில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். வவுச்சர் கொடுத்து வாங்கினாலும் நீங்கள் வாடிக்கையாளர்தான். போட்டுப் பார்க்கவும், பொருந்தாததை மறுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி சட்டம். அளவு பிழைத்ததற்காக மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, சரக்கில் குறை இருந்தால்தான் வழி உண்டு. ஆகவே காசு கொடுக்கும் முன்பே, “பொருந்தாவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்” என்று பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “தேயிலை மலையில், மழையில் போடுவதற்கு.” 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. வெறுமனே கம்பனிப் பெயரைச் சொல்லி “அதைத் தாங்க” என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அடிப்பாகம் கழன்றால், சொன்ன உத்தரவாதம் பொய்த்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்துவிட வேண்டும், இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். விசாரித்து, பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். தமிழிலேயே எழுதலாம். தொலைபேசி 1977.

தோட்ட நிர்வாகத்தின் பங்கு என்ன? தொழிற்சாலைக்குள் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இருக்கிறது, மலையில் கொழுந்து பறிப்பவரை அது எட்டவில்லை. இது வெட்கப்பட வேண்டிய இடைவெளி, நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் பேச வேண்டியதும்கூட. ஆனால் கையில் வேறொரு பிடி இருக்கிறது. தவளை முத்திரை கொண்ட ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டங்கள், ஆபத்தான சரிவிலும் நச்சு மருந்தோடும் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சான்றிதழின் நிபந்தனை. உங்கள் தோட்டத்தில் அந்த முத்திரைப் பலகை இருந்தால் தொழிற்சங்கத் தலைவர் மூலமாக எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே நம்பரை வாங்காதீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருவர் காலையும் பிரட்டுக்களத்தில் அளந்து பட்டியல் எழுதினால் ஒரு காலைப்பொழுது போதும். வேலையில் வழுக்கி விழுந்து காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. அன்றே நிர்வாகத்துக்குச் சொல்லி, மருந்தகப் பதிவில் ஏற்றுங்கள். மறுத்தால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் போங்கள்.

2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோதும், நல்ல பூட்ஸ் ஒன்றுக்கு ஒரு நாள் சம்பளம் போதவில்லை. அப்படி உழைத்த காசைக் கொடுத்து வலியை வாங்காதீர்கள். இந்தச் சம்பள நாளிலேயே காலை அளந்து வையுங்கள், அடுத்த சப்பாத்துக்குப் போகும்போது அந்தத் தாளும் பேனாவும் பையில் இருக்கட்டும். வாங்கிய பில்லைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.