உடற்பயிற்சியும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

உடற்பயிற்சி இதயத்துக்கும் தசைகளுக்கும் நலம் தரும் என்பது யாவரும் அறிந்ததே. நமது பெருங்குடலில் கோடானுகோடியாக வாழும் பற்றீரியாக்களின் சமநிலையையும் அது மாற்றவல்லது என்பது அண்மைக்கால ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

நம்மால் சமிக்க இயலாத நார்ச்சத்தை இப்பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூற்றேற்று முதலிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்குப் பிரதான சக்தி பியூற்றேற்றே. அழற்சியைத் தணிப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

2014இல் வெளியான ஆய்வொன்று அயர்லாந்தின் தொழில்முறை றக்பி வீரர்கள் 40 பேரைப் பரிசோதித்தது. ஏனையோரைவிட அவர்களது குடலில் கூடுதலான வகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. எனினும் அவ்வீரர்கள் புரதம் மிகுந்த உணவை உண்பவர்களாதலால், மாற்றத்துக்குக் காரணம் பயிற்சியா, உணவா என்ற வினா எஞ்சியது.

அவ்வினாவுக்கு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை தேடினர். உடலுழைப்புக் குறைந்த 32 பேர், வழமையான உணவை மாற்றாது, வாரத்துக்கு மூன்று நாட்கள் 30 முதல் 60 நிமிடங்கள் வரை ஓட்டத்திலோ சைக்கிள் பயிற்சியிலோ ஈடுபட்டனர். ஆறு வாரங்களில் பியூற்றேற்றை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெருகின. மெலிந்தோரிடம் இது தெளிவாகவும் பருமனானோரிடம் குறைவாகவும் தென்பட்டது. பின்னர் ஆறு வாரங்கள் பயிற்சியை நிறுத்தியபோது மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. 2018இல் வெளியான இம்முடிவே கருத்தூன்றி நோக்கத்தக்கது.

பயிற்சியின் வகைக்கேற்பப் பலனும் வேறுபடுகின்றது. விரைந்த நடை, ஓட்டம், நீச்சல் போன்று மூச்சு வாங்கச் செய்பவற்றுக்கே இதுவரை சான்றுகள் அதிகம். பாரந்தூக்கும் பயிற்சி தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுவது. குடல் நுண்ணுயிர்களில் அதன் தாக்கம் குறித்த ஆய்வுகள் சிலவே, அவற்றில் கண்ட மாற்றமும் சொற்பமே. அளவு கடந்த பயிற்சியோ எதிர்விளைவைத் தரலாம். நெடுநேரம் கடுமையாக ஓடுகையில் இரத்தம் தசைகளை நோக்கித் திருப்பப்படுவதால் குடலுக்கான இரத்தோட்டம் குறைந்து, குடற்சுவரின் காப்புத்தன்மை தளர்கின்றது. மரதன் ஓட்டக்காரர்கள் பலருக்கு வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் ஏற்பட இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறிய எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை. ஆயினும் அவை உணர்த்தும் பாடம் எளிமையானது. ஆறு வாரத்தில் வந்த பலன் ஆறு வாரத்தில் போய்விடுகின்றது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்வத்தோடு ஓடி, அடுத்த மாதமே ஓய்ந்துவிடுவோருக்குக் குடல் எதனையும் சேமித்து வைப்பதில்லை. கீரையும் பருப்பும் தவிட்டரிசியும் அந்நுண்ணுயிர்களுக்கான உணவைத் தரும். இடையறாத மிதமான நடையே அவற்றைப் பேணும்.