வண்டிக்கு வயசாச்சு... டாக்ஸியா ஓடலாமா?

ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் நள்ளிரவில் ஒரு கார் வாசலில் வந்து நின்று, டிக்கியில் சூட்கேஸும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் ஏறினால், அக்கம்பக்கத்தில் யாரும் விவரம் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிறான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால், இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. வழியனுப்ப அப்பா, அம்மா, மனைவி, குழந்தை, தாய்மாமன் என்று ஒரு குடும்பமே காரில் நெருக்கியடித்து உட்காரும்.

வாடகை எவ்வளவு, டோல் சேர்த்தா, வெயிட்டிங் உண்டா... எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். ஆனால் அந்த வண்டிக்கு என்ன வயது, எஃப்.சி. இருக்கிறதா, அது டாக்ஸியாக ஓட அனுமதி பெற்ற வண்டிதானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏதாவது நடந்த பிறகுதான் அந்தக் கேள்விகள் வருகின்றன.

அனுமதி கொடுப்பது யார்?

இங்கிலாந்தில், லண்டனைத் தவிர மற்ற ஊர்களில் டாக்ஸிக்கு உரிமம் கொடுப்பது அந்தந்த உள்ளாட்சி மன்றம்தான். அதனால் வண்டியின் வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் நகரப் போக்குவரத்து நிர்வாகமே முடிவெடுக்கிறது. கறுப்பு டாக்ஸிகளுக்கு 15 ஆண்டு என்று இருந்த வரம்பை, 2019-லிருந்து படிப்படியாகக் குறைத்து 12 ஆண்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊர் நடைமுறை வேறு. புதுக்கோட்டை நகராட்சி 2024-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆனாலும் எந்த வண்டி டாக்ஸியாக ஓடலாம் என்று சொல்லும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை. டி.என். 55 என்று நம்பர் பிளேட்டில் எழுதிக் கொடுக்கும் அதே ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். வண்டியைச் சோதித்துப் பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வழக்கில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’!

டிரைவரைத் தவிர்த்து ஆறு பேர் வரை ஏறும் வண்டி சட்டத்தின் கணக்கில் ‘மோட்டார் கேப்’. ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை என்றால் ‘மேக்ஸி கேப்’. இரண்டுக்குமே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து நம்பர் வேண்டும். பெர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவையும் கையில் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வண்டி முறையான டாக்ஸி இல்லை.

எட்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் பரீட்சை

புது டாக்ஸிக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு எஃப்.சி. தருகிறார்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். எட்டைத் தாண்டிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள், டயர், வைப்பர், ஹாரன், புகை, பாடி என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் கையெழுத்து விழும். எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி, சட்டத்தின் பார்வையில் முறையாகப் பதிவு செய்யப்படாத வண்டிக்குச் சமம்.

இது தவிர, வண்டியின் ஆயுளுக்கே வரம்பு வைக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்கு உண்டு. வெளி மாநிலங்களுக்கும் போய்வரும் சுற்றுலா பெர்மிட்டுக்கு, 1989-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்கு 9 ஆண்டு என்று வரம்பு வைத்தன. வண்டி ஒன்பதைத் தாண்டினால், வேறு வண்டி மாற்றினால்தான் அந்த பெர்மிட் செல்லும் என்பது அந்த விதி.

பெருநகரங்களில் இதைவிடப் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. கொல்கத்தாவில் 15 வயதைக் கடந்த வாடகை வண்டிகள் ஓடக் கூடாது என்று 2008-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றுபோனதால், அந்த ஊரின் அடையாளமான மஞ்சள் டாக்ஸி ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. அங்கே கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. சரியாக 20 ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் இறுதியில் ‘காலி பீலி’ பத்மினிகள் சாலையிலிருந்து விடைபெற்றன.

டியூ முடிந்தால்தான் லாபம்

‘பழைய வண்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே?’ என்று சொல்வது சுலபம். புதுக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் சொந்த வண்டி ஓட்டுகிறவரின் கணக்கு வேறு. கடனில் வாங்கிய வண்டி முதல் நாலைந்து ஆண்டுகள் பைனான்ஸ்காரருக்காகத்தான் ஓடும். டீசல், டியூ, இன்ஷூரன்ஸ் போக மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கே இழுபறி. டியூ முடிந்து ஆர்.சி. புத்தகம் தன் கைக்கு வந்த பிறகுதான் அந்த வண்டி அவருக்காகச் சம்பாதிக்க ஆரம்பிக்கும். மகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்குக் கூரையும் அந்தப் பிந்தைய ஆண்டுகளில்தான் வருகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் வண்டிக்கு வயதாகிவிட்டது என்கிறது சட்டம்.

கட்டணமும் ஏறியிருக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில், 15 வயது கடந்த டாக்ஸிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 7,000 ரூபாய் ஆனது. அதற்கு முன் அது 1,000 ரூபாய். 2025 நவம்பரில் மறுபடியும் திருத்தி, வண்டிக்குப் பத்து வயதானதிலிருந்தே கட்டணம் படிப்படியாகக் கூடும்படி செய்தார்கள்.

ஏழாயிரத்தை 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இருபது ரூபாய்கூட வராது. டீக்காசுதான். ஆனால் எஃப்.சி.க்குப் போகும் முன் டிங்கரிங், பெயின்ட், டயர், பிரேக் வேலை என்று செலவு வரிசை கட்டும். எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே கையிலிருந்து போக வேண்டும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களில் வருமானமும் இல்லை. பணம் புரளட்டும் என்று தள்ளிப்போட்டால் அபராதம் சேரும். காலாவதியான பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் என்றது அந்த 2021 அறிவிப்பு. நூறு நாள் போனால் 5,000. ஓராண்டு விட்டுவிட்டால் 18,250. இப்படித் தவறிய வண்டி எஃப்.சி. வரிசைக்குத் திரும்புவது கடினம். ஆனால் ஓடுவதை மட்டும் நிறுத்துவதில்லை!

‘ஓன் போர்டு’ ஆபத்து

இதே கணக்குதான் வெள்ளைப் பலகை வண்டிகளையும் வாடகைக்கு இழுத்து வருகிறது. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான காருக்குப் பெர்மிட் வேண்டாம். ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டாம். 15 ஆண்டு வரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகத் தேவையில்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வயது கார் ஒன்று, மஞ்சள் போர்டுக்காரர் கேட்பதைவிடச் சில நூறு குறைத்து ஏர்போர்ட்டுக்கு வந்துவிட முடிகிறது. ஒழுங்காகக் காசு கட்டி ஓட்டுகிறவரின் வயிற்றில்தான் அடி விழுகிறது.

பயணிக்கு இதில் என்ன நஷ்டம்? பாதை சீராக இருக்கும் வரை ஒன்றுமில்லை. விபத்து என்று வந்துவிட்டால் நிலைமையே வேறு. சொந்த உபயோக பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதை ஏற்பதில்லை. ‘காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினார்கள்’ என்று தெரிந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கச் சட்டமே இடம் தருகிறது. பிறகு இழப்பீடு முழுவதும் வண்டிக்காரர் தலையில். பழைய காரைத் தவிர வேறு சொத்து இல்லாதவரிடம், தீர்ப்பு வாங்கினாலும் பணம் வாங்குவது எப்படி? பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்குத் தனியாக 10,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது.

டிரைவரின் ‘பேட்ஜ்’ விஷயத்தில் மட்டும் ஒரு தெளிவு வந்திருக்கிறது. இலகு ரக உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆக, பேட்ஜ் இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. வண்டிக்குப் பெர்மிட் இல்லாததற்கு இந்தச் சலுகை கிடையாது.

வயதா, உடம்பா?

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று ஓடும் டாக்ஸி, ஐந்தே ஆண்டில் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுவிடும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் பன்னிரண்டு வயதுக் கார், ஒரு லட்சத்தைக்கூடத் தாண்டியிருக்காது. வயதை மட்டும் பார்த்தால் முதல் வண்டிதான் இளசு. தேய்மானத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். அதற்காக வயதே கணக்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. துரு ஓடோமீட்டரைப் பார்த்துப் பிடிப்பதில்லை. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளைக் கேட்டால் தெரியும். ஏர்பேக் இல்லாத காலத்தில் வந்த வண்டிக்கு, எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஏர்பேக் முளைக்காது.

எனவே கண்டிப்பு வேண்டியது சோதனையில். எஃப்.சி. என்பது பளபளப்பைப் பார்க்கும் சடங்காக இல்லாமல், பிரேக்கையும் அடிச்சட்டத்தையும் பார்க்கும் பரீட்சையாக நடந்தால், தேறும் வண்டி ஓடட்டும், தேறாதது ஒதுங்கட்டும். மனிதக் கண்ணுக்குப் பதில் இயந்திரமே சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கு மாறச் சொல்கிறது மத்திய அரசு. அது வரும்போது, கட்டணத்தைத் தவணையில் கட்டும் வசதியும் சேர்ந்து வந்தால், தவறிப்போன வண்டிகள் பல மறுபடி வரிசைக்கு வரும்.

ஏறும் முன் பாருங்கள்

* நம்பர் பலகை மஞ்சளா என்று பாருங்கள். மின்சார டாக்ஸி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும்.

* வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி, ‘எம் பரிவாஹன்’ செயலியில் போடுங்கள். பதிவான தேதி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும்.

* டயரில் பள்ளம் தெரிகிறதா, பின்சீட்டு பெல்ட் மாட்ட வருகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள்.

* ஏழு பேர் போக வேண்டுமா? காரில் திணிக்காமல் பெரிய வண்டியாகப் பேசுங்கள்.

* வாடகையில் முந்நூறு ரூபாய் குறைகிறதே என்று சந்தோஷப்படும் முன், ஏன் குறைகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விமான டிக்கெட்டில் பெயரின் எழுத்து சரியா என்று நான்கு முறை பார்க்கிறோம். பாஸ்போர்ட் காலாவதித் தேதியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். பிள்ளை ஏறப்போகும் முதல் வண்டி விமானம் இல்லை, வாசலில் நிற்கும் இந்தக் கார்தான். அதன் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிட்டால், வழியனுப்பிய குடும்பமும் நிம்மதியாக வீடு திரும்பும்.