தச்சர் செய்த கவுன்

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘வேர்ள்ட் ஒஃப் வேரபிள் ஆர்ட்’ என்ற அணியும் கலைப் போட்டியில் 2009ஆம் ஆண்டு உச்சப் பரிசை வென்ற ஆடை மரத்தால் ஆனது. பழைய காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகள் உடுத்த அகன்ற கவுனை மரத்தை இழைத்துச் செய்து அனுப்பியிருந்தவர் அலாஸ்காவின் ஜூனோ நகரைச் சேர்ந்த டேவிட் வோக்கர் என்ற தச்சர். 2011இல் அதே பரிசைப் பெற்ற பிரித்தானியரான மேரி விங் டோவின் தொழில் குதிரைச் சேணமும் சவுக்கும் செய்வது. கிரேக்கப் புராணத்தில் வரும், பாதி குதிரையும் பாதி பெண்ணுமான ஹைலோனோமியை அவர் தோலில் உருவாக்கினார். இந்த இரண்டு வெற்றிகளிலும் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு ஒரு செய்தி இருக்கிறது. கையில் ஒரு தொழில் உள்ளவர் அந்தத் தொழிலைக் கொண்டே கலைஞராக மதிக்கப்படலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுடைய வேலை அவர்கள் பெயரில் மேடையேற மட்டும் வழியில்லாமல் இருக்கிறது.

உள்நாட்டுப் போருக்குப் பின் வன்னிப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் தையல் முக்கியமானது. வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அங்கேதான் கிடைத்தது. அதைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் தொழிற்சாலை வரிசையில் ஒருத்தி கையை மட்டும் தைப்பாள், அடுத்தவள் கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பாள். முழு உடுப்பும் எப்படி இருக்கவேண்டும் என்பதை வேறெங்கோ இருக்கும் ஒருவர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். இலங்கை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டொலருக்கு ஆடை ஏற்றுமதி செய்கிறது. இந்த வியாபாரத்தில் பெரும் இலாபம் வடிவத்தையும் வணிகப் பெயரையும் சொந்தமாக வைத்திருப்பவருக்கே போகிறது. வீட்டில் இயந்திரம் வைத்திருக்கும் பெண்ணின் நிலையும் இதேதான். ஒரே கிராமத்தில் பலரும் சட்டையும் பாடசாலைச் சீருடையுமே தைத்தால் தையற்கூலி எப்படி ஏறும்? தைக்கக் கற்றுக்கொடுத்தோம், புதிதாக ஒன்றை நினைக்க இடம் கொடுக்கவில்லை.

அணியும் கலைப் போட்டி வன்னி மண்ணுக்கு ஒட்டாத வெளிநாட்டு விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். கூத்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்கு ‘முல்லைமோடி’ என்று தனிப்பெயரே உண்டு. ஈழத்து வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பு, உள்ளே சட்டம் கட்டி இடுப்பைச் சுற்றி விரியவைத்த உடுப்பு. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கிரீடத்தையும் தோளணியான புஜக்கீர்த்தியையும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிக்கிறார்கள். அன்றாடம் உடுக்க முடியாத, பாரமான, ஆட்டத்துக்கென்றே கட்டிய இந்த உடுப்புகள் அணியும் கலையேதான். அவற்றைச் செய்தவர்களின் பெயர்கள்தான் நம்மிடம் பதிவாகவில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பெயர் நிற்கிறது, உடுப்புக் கட்டியவர் பெயர் மறைந்துபோகிறது. பனையோலை வேலையும் அப்படித்தான். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயம் ஏற்றி, பெட்டி இழைக்கும் ஒரு மூதாட்டிக்கு ஓலை எந்த வளைவுக்கு இணங்கும், எங்கே முறியும் என்பது விரல் நுனியில் தெரியும். கடகத்துக்கு ஈர்க்கும் நாரும் தரும் உறுதி தோள்பட்டைக்கும் மார்புக் கவசத்துக்கும் போதும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. ஆனாலும் பனையோலை என்றதும் நம் நினைவில் வருவது நீத்துப்பெட்டியும் சுளகும் விற்பனை நிலையத்து அலங்காரப் பையுமே.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வோக்கரின் மரக் கவுன் பரிசு வாங்கிய அதே 2009இல் போரில் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்றும் வீதியோரத்தில் பதில் கேட்டு அமர்ந்திருக்கும் நிலத்தில் ஆடைப் போட்டி ஒரு தேவையா? நீதிக்கும் நிலத்துக்கும் அது மாற்று என்று யாராவது சொன்னால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நிவாரணம் பெறுபவர், கூலிக்குத் தைப்பவர் என்ற இரண்டு அடையாளங்களுக்குள் மட்டும் இந்த மக்களை வைத்திருப்பதும் அநீதிதான். தொழில் என்ற கணக்கில் பார்த்தாலும் சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கிராமமொன்றில் பிறந்த ராகுல் மிஸ்ரா 2014இல் மிலானில் சர்வதேச வூல்மார்க் பரிசை வென்றார். 2020 ஜனவரியில் பாரிஸின் ‘ஓட் கூத்தூர்’ என்ற உயர்தர ஆடை வாரத்தில் காட்சிக்கு அழைக்கப்பட்ட முதல் இந்திய வடிவமைப்பாளரும் அவரே. அவருடைய ஆடைகளின் உயிர் கையெம்பிராய்டரி. பரிசு அவர் பெயருக்குக் கிடைத்தது, வேலை ஊசி பிடித்த பல கைகளுக்குப் போனது. அந்தக் கைகளின் பெயர்களும் வெளியே தெரியவேண்டும் என்பது என் கருத்து. வன்னியில் இப்படி ஒரு போட்டியைத் தொடங்கினால் அதை முதல் நாளிலிருந்தே விதியாக வைக்கலாம்.

பெண்களை மேடையில் நடக்கவைத்துப் பார்ப்பதா என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் உண்டு. இந்தப் போட்டியில் மதிப்பெண் உடுப்புக்கு, உடலுக்கு அல்ல. கூத்தில் போல ஆணும் அணியலாம், முதியவரும் அணியலாம். செலவுதான் உண்மையான தடை. பாரமான ஒரு படைப்பைப் பெட்டியிலிட்டு வெலிங்டனுக்கு அனுப்பும் கூலியே ஒரு தையற்காரியின் பல மாத வருமானத்தைத் தின்றுவிடும். ஆகவே வெலிங்டனை இலக்காக வைக்கத் தேவையில்லை. அந்தப் போட்டியே தலைநகரில் பிறந்ததல்ல. சூசி மொன்கிரீஃப் என்ற சிற்பி 1987இல் நெல்சன் நகருக்கு அருகே நாட்டுப்புறத்தில் சிறியதாகத் தொடங்கினார். 2005இல்தான் அது வெலிங்டனுக்குப் போனது. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. உலோக ஒட்டுவேலை பழகும் இளைஞரும் ஓலை இழைக்கும் மூதாட்டியும் தொழிற்சாலையில் கை தைக்கும் பெண்ணும் ஒரே உடுப்பில் வேலை செய்யும்படி ஒரு போட்டியை மாவட்டக் கலாசார விழாவிலேயே நடத்தலாம். பொருளுக்கு ஒரு சிறு தொகை முன்பணமாகக் கொடுக்கவேண்டும், கடன் வாங்கி யாரும் போட்டிக்கு வரக்கூடாது. நடுவர்களில் ஒருவர் கூத்துக்கு உடுப்புக் கட்டியவராக இருக்கட்டும்.