பழைய படங்களின் மறுவெளியீடு: செங்கல்பட்டு ஏரியா

முதல் வெளியீட்டுக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு திரைப்படம் மீண்டும் திரையரங்கில் கட்டணக் காட்சியாகத் திரையிடப்படுவது மறுவெளியீடு எனப்படும். தமிழ்நாட்டில் இந்தச் சொல் இரண்டு வேறு வழக்கங்களைக் குறிக்கிறது. படச்சுருள் காலத்தில் பழைய படம் ஓடுவது அன்றாட வணிகமாக இருந்தது. அதற்கு விழாவோ விளம்பரமோ தேவைப்படவில்லை. 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டல் வடிவில் திரும்பி வந்த பிறகு அது தனி நிகழ்வாக மாறியது. முதல் வழக்கம் எப்படி மறைந்தது என்பதை அறிந்தால்தான் இரண்டாவது ஏன் இவ்வளவு செலவும் உழைப்பும் கேட்கிறது என்பது புரியும்.

ஏரியா

தமிழ்த் திரைப்பட வணிகத்தில் செங்கல்பட்டு என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமல்ல, விநியோகப் பகுதியின் பெயரும் ஆகும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஆகிய பழைய மாவட்டங்களைச் சேர்த்து ‘என்.எஸ்.சி. ஏரியா’ என்று விநியோகஸ்தர்கள் அழைத்தனர். மாவட்டங்கள் பலமுறை பிரிக்கப்பட்டன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. ஆனாலும் சினிமாக்காரர்களின் வரைபடத்தில் பழைய எல்லைகளே நிற்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை போன்ற புறநகர்களின் வசூல் ‘சென்னை சிட்டி’ கணக்கில் சேராமல் செங்கல்பட்டுக் கணக்கில் வரும். கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று நீளும் கடற்கரை ஊர்களும் இதற்குள் அடங்கும்.

பெட்டியின் பயணம்

35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்குச் சுமார் 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறாயிரம் அடிக்கு மேல். அதைச் சுருள்களாகப் பிரித்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து அனுப்புவார்கள். ‘பெட்டி வந்தாச்சா?’ என்பதே திரையரங்க வாசலில் அன்று கேட்கப்பட்ட முதல் கேள்வி.

பிரதி எடுக்கும் செலவு அதிகம் என்பதால் சில பிரதிகளே ஊர் ஊராகச் சுற்றின. மவுண்ட் ரோடு போன்ற ‘ஏ சென்டர்’ அரங்குகளில் முதல் ஓட்டம் முடிந்ததும் மாவட்டத் தலைநகர், தாலுகா ஊர் என்று இறங்கி, கடைசியில் ‘சி சென்டர்’ எனப்பட்ட டூரிங் டாக்கீஸ்களுக்குப் போய்ச் சேரும். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பெஞ்சு, நாற்காலி. வெளிச்சம் புகும் என்பதால் பெரும்பாலும் மாலையும் இரவும் மட்டுமே காட்சிகள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் படம் தொடங்கப்போகிறது என்று ஊருக்குத் தெரியும். ஒரே புரொஜெக்டர் இருந்த இடங்களில் சுருள் மாற்றுவதற்காகவே மூன்று, நான்கு இடைவேளைகள் விடுவார்கள்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் இந்த அரங்குகளில் ஓடின. பழைய படத்துக்கு வாடகை குறைவு, கூட்டம் உறுதி. நகரத்திலும் காலைக் காட்சிகள் பழைய படங்களுக்கு இடம் கொடுத்தன. 1965-ல் வந்த ‘கலங்கரை விளக்கம்’ மாமல்லபுரத்தைக் களமாகக் கொண்டது. அத்தகைய படத்தை அதே கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கொட்டகையில் பார்ப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் அபூர்வமாகத் தோன்றியிருக்காது.

ஆனால் படங்களைச் சாகாமல் காத்த இந்த வழக்கமே அவற்றைத் தேய்த்தும் விட்டது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சுருளில் கீறல் விழும். திரையில் மழை பெய்வதுபோலக் கோடுகள் ஓடும். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் சில சட்டங்களை வெட்டி ஒட்டுவார். (வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கி, லென்ஸும் வெயிலும் வைத்துச் சுவரில் படம் காட்டியதுதான் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் திரையுலக அறிமுகம்.) புதிய பிரதி வேண்டுமானால் மூல நெகட்டிவிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க நெகட்டிவும் தேயும். மக்கள் மிகவும் விரும்பிய படத்தின் நெகட்டிவே மிகவும் சேதமடைந்தது என்பது இந்த வரலாற்றின் கொடுமை. ஓடாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளையோ அவற்றிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்தார்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று இல்லை.

கர்ணன், 1964 மற்றும் 2012

பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘கர்ணன்’ 1964 பொங்கலன்று வெளியானது. ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுக்கப்பட்ட பெரும் செலவுப் படம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. படங்களைப் பாதுகாப்பது ஒரு வேலை என்ற எண்ணமே அப்போதுதான் அரசளவில் வடிவம் பெற்றது. தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை நெகட்டிவ் என்பது கைமாறும் சொத்து. உரிமை ஒருவரிடம், சுருள் லேபிடம், கடன் பத்திரம் மூன்றாமவரிடம் என்று சிதறிக் கிடப்பதும் உண்டு.

திவ்யா பிலிம்ஸ் நிறுவனம் சேதமடைந்த மூலத்தைச் சீரமைத்து 2012 மார்ச் 16 அன்று தமிழ்நாடெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ‘கர்ணனை’ வெளியிட்டது. சென்னையில் அது நூறு நாட்களைக் கடந்தது. இத்தகைய சீரமைப்பில் சுருள் முதலில் கழுவித் தூய்மை செய்யப்படும். பிறகு சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்யப்படும். நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 2,59,200. கீறல், தூசி, நிற மங்கல், ஆட்டம் ஆகியவற்றை மென்பொருள் ஓரளவுதான் சரிசெய்யும். மீதி, மனிதக் கண்ணும் கையும் செய்யும் வேலை. சுருளின் ஓரத்தில் கோடாகப் பதிந்துள்ள ஒலியையும் தனியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதைத் தொடர்ந்து எம்.ஜி.ஆர். நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) 2014 மார்ச்சில் வெளியாகி, சென்னையில் வெள்ளிவிழாக் கண்டது. சிவாஜியின் ‘வசந்த மாளிகை’, ரஜினியின் ‘பாட்ஷா’ முதலியவையும் வந்தன. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பியபோது, படம் முதலில் வந்த நாளில் பிறந்தே இராத ரசிகர்கள் அரங்கில் ஆடினார்கள்.

எது பழைய படம்?

மறுவெளியீட்டு விளம்பரங்களில் ‘டிஜிட்டல் சினிமாஸ்கோப்’, ‘5.1 ஒலி’ என்ற சொற்கள் பெருமையாக இடம்பெறுகின்றன. இதைப் பெருமையாகக் கொள்வது சரியல்ல. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தையவை அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. அக்காலத்தின் வழக்கமான சட்டகத்தில் அகலம், உயரத்தைப்போல் 1.37 மடங்குதான். சினிமாஸ்கோப்பில் அது 2.35 மடங்கு. அகலத்தை அப்படியே வைத்து ஸ்கோப் ஆக்கினால் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு போய்விடும். கிரீடமும் பாதமும் வெட்டுப்படும். நடனக் காட்சிகளில் இழப்பு இன்னும் அதிகம். ஒற்றைத் தட ஒலியை ஆறாகப் பிரிக்கும்போது, புதிதாக வாசித்துச் சேர்த்த இசை பழைய இசைக்குழுவின் சமநிலையைக் கெடுப்பதும் உண்டு. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு மூலச் சட்டகத்தையே காட்டுவது எளிது. பணம் கொடுத்தவர் முழுத் திரையையும் எதிர்பார்ப்பார் என்ற பயமே அதைத் தடுக்கிறது. இத்தாலியின் பொலோனா நகரில் 1986 முதல் நடந்துவரும் மீட்டெடுத்த படங்களின் விழாவில் திறந்தவெளிச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் பழைய படங்களை மூல வடிவில் பார்க்கிறது. 2025-ல் அங்கே ‘ஷோலே’யும் காட்டப்பட்டது.

அரங்குகள்

1913-ல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இன்று அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இப்போது இல்லை. 1961-ல் திறந்து, சிவாஜி ரசிகர்களின் கோட்டையாக விளங்கிய சாந்தி 2016-ல் மூடப்பட்டது. ‘கர்ணன்’ முதலில் வெளியான சென்னை அரங்குகளில் அதுவும் ஒன்று.

கொட்டகைகளின் நிலை இதைவிட மோசம். கல்லும் சுண்ணாம்பும் இல்லாததால் அவை இருந்த இடத்துக்கு அடையாளம்கூட மிஞ்சவில்லை. செங்கல்பட்டு ஏரியாவில் இன்று மறுவெளியீடுகளுக்குக் கூட்டம் சேர்வது குரோம்பேட்டை வெற்றி போன்ற புறநகர் அரங்குகளிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூர் மாயாஜால் போன்ற பல்திரை வளாகங்களிலும்தான். படம் இப்போது பெட்டியில் வருவதில்லை. கோப்பாக வந்து, குறித்த நாட்களுக்கு மட்டும் கடவுச்சாவியால் திறக்கிறது. அது எத்தனை முறை ஓடினாலும் தேய்வதில்லை. ஆனால் ஸ்கேன் செய்யப்படாத நெகட்டிவ்கள் கிடங்குகளின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் புளிவாடை வீசத் தொடங்கியிருக்கின்றன. அசிடேட் சுருள் சிதையும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலத்தின் வாடை அது. அந்த நிலைக்குப் போன சுருள் சுருங்கி வளைந்துவிடும், ஸ்கேனரில் ஏற்றுவதே கடினமாகிவிடும்.