மூன்றாம் நாள் வந்த படபடப்பு

என் மாமியாருக்கு 68 வயது. நுரையீரலில் கட்டி என்று வலது பக்கத்தில் ஒரு மடலை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலை, "நெஞ்சுக்குள்ளே குருவி சிறகடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் அத்தை. நாடியைத் தொட்டால் தாறுமாறாக ஓடுகிறது! நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்றார். ரத்தக் கொதிப்புக்காக வருஷக்கணக்கில் மெட்டோப்ரோலால். 'வெறும் வயிறு' என்றார்களே என்று நானாகவே இரண்டு நாள் முன்பு நிறுத்தியிருந்தேன். சேர்க்கும்போது கேட்டதற்கும் "ஏதோ பிரஷர் மாத்திரை" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"அது ஒன்றே காரணமில்லை. ஆனால் அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாதும்மா" என்றார் டாக்டர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதற்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயராம். ஒரு மடலை எடுத்தவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கும், ஒரு பக்க நுரையீரலையே எடுத்தவர்களில் 40 பேர் வரைக்கும் வரலாம். வயதானவர்களுக்கு அதிகம். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வரும். சில வாரங்களில் சரியாகிவிடும் என்றாலும் அலட்சியம் கூடாது. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்!

வராமல் தடுக்க நாம் என்ன செய்யலாம்?

• சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஆபரேஷன் அன்று எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று கேளுங்கள். சிலவற்றை ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள்.

• ஆபரேஷன் முடிந்ததும், பழைய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று மறக்காமல் கேளுங்கள்.

• ரத்தத்தில் மக்னீசியம், பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். அதைப் பார்த்துச் சரிசெய்வார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டில்டியாசெம் அல்லது அமியோடரோன் முன்கூட்டியே தருவதும் உண்டு. அது டாக்டரின் முடிவு.

• வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். சொல்லச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு படபடப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் மரத்தாலோ, கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

மருந்து கொடுத்ததில் அத்தைக்கு இரண்டே நாளில் துடிப்பு சீரானது. இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் எல்லாருடைய மாத்திரைப் பட்டியலும் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இன்றே எழுதி ஒட்டிவிடுங்களேன்!