மெழுகுதிரித் திருநாளின் தோற்றமும் மரபும்

கார்த்திகைத் திங்களில் விளக்கீட்டு மாலையன்று, கொடிகாமம் முதலாய தென்மராட்சிக் கிராமங்களில் வாயில்தோறும் தீபம் ஒளிரும். அதன்பின் வரும் தை மாதத்திலே, பெப்ரவரி 2ஆம் நாள், கத்தோலிக்க ஆலயங்களில் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்பெற்று, மக்கள் அவற்றை ஏந்திப் பவனி வருவர். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவோர், ஒன்று மற்றொன்றினின்று பிறந்ததோ என ஐயுறுதல் இயல்பே. உரோமரது பண்டைப் பெப்ரவரி விழாவாகிய லூபர்க்காலியாவின் மறுவடிவமே இத்திருநாள் என மேனாட்டாருள்ளும் சிலர் கூறினர். இக்கூற்று ஆராயற்பாலது.

திருநாளின் வேர் யூதரது மகப்பேற்று விதியில் உளது. ஆண்மகவை ஈன்ற தாய் 40 நாட் கழித்து ஆலயத்திற் காணிக்கை செலுத்தித் தூய்மை பெறல் வேண்டும் என்பது மோசேயின் சட்டம். யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும் வழக்கை அறிந்தார்க்கு இது புதிதன்று. ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத வறியோர் இரு புறாக்களைக் கொடுக்கலாம். மரியாளும் யோசேப்பும் அளித்தது அவ்வெளியோர் காணிக்கையே என்பது லூக்கா நற்செய்தியால் விளங்கும். அங்கு முதியவராகிய சிமியோன் குழந்தை இயேசுவைக் கையிலேந்தி, எல்லா இனத்தார்க்கும் ஒளி என வாழ்த்தினார். திரியேந்தும் வழக்கிற்குப் பொருள் தந்தது அவ்வாழ்த்தே.

விழாவைப் பற்றிய மிகப் பழைய சான்று, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் சென்ற எகேரியா என்னும் பெண் யாத்திரிகையின் குறிப்பு. ஜனவரி 6ஆம் நாளிலிருந்து எண்ணி, 40ஆம் நாளாகிய பெப்ரவரி 14இல் அங்கு விழா நிகழ்ந்தது. மெழுகுதிரியைப் பற்றி அவர் யாதுங் கூறவில்லை. அதனை 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எருசலேமருகே புகுத்தியவர் இக்கேலியா என்னும் பெருமாட்டி என்பர். பிறப்புவிழா டிசம்பர் 25ஆம் நாளுக்கு உரியதாகவே, நாற்பதாம் நாளும் பெப்ரவரி 2 ஆயிற்று. யுஸ்தினியன் பேரரசன் 542இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இதனை நிலைநாட்டினான். உரோமில் இந்நாளுக்குப் பவனியை விதித்தவர், 687 முதல் 701 வரை பாப்பரசராயிருந்த முதலாம் செர்ஜியுஸ். திரிகளை மந்திரிக்கும் சடங்கு அதனினும் பிற்பட்டது.

லூபர்க்காலியாவோ பெப்ரவரி 15இல் உரோமில் நிகழ்ந்தது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கெலாசியுஸ் அதனைக் கண்டித்தெழுதினார். மெழுகுதிரித் திருநாள் கீழ்த்திசையிற் பிறந்து, பின்னரே உரோமை அடைந்தது. அதன் நாளை வகுத்தது நாற்பது என்னும் எண்ணேயன்றிப் பிறர் விழாவன்று. ஆதலின் அக்கூற்று பொருந்தாது.

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றியது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவினின்று வந்த யோசேவ் வாஸ் அடிகள், இரவில் இல்லங்களிலே மறைவாகப் பூசை செய்து அடியாரைக் காத்தார். ஊரறியப் பவனி வருதல் அந்நாளில் அரிதாயிருந்ததென்பது எண்ணத்தக்கது.

மந்திரித்த திரியை வீட்டிற் பேணி, புயற்காலத்தும் இறப்போர் படுக்கையருகும் ஏற்றுதல் கத்தோலிக்க மரபு. முன்னர்த் தேவமாதாவின் தூய்மையைக் குறித்து வழங்கிய திருநாட்பெயர், 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஆண்டவரைக் காணிக்கையாக்கியதைக் குறிப்பதாயிற்று.

விளக்கீட்டுத் தீபமும் மெழுகுதிரியும் ஒன்றினின்று ஒன்று வந்தனவல்ல. சிவபெருமான் சோதிப்பிழம்பாய் நின்றமையை முன்னது நினைவூட்டும்; முதியவர் கையிலிருந்த மகவைப் பின்னது நினைவூட்டும். ஒப்புமை கண்டவிடத்தெல்லாம் கடன் என்று துணிதல் ஆராய்ச்சியாகாது. அயலார் ஏற்றும் விளக்கின் பொருளை அவர்தம் நூல்வழி அறிந்து போற்றுதலே கற்றோர்க்கு அழகாம்.