மீன் தொட்டிக்கு விசிறிக் காற்று: கோடையில் நீரைக் குளிர்விக்கும் முறையும் அதன் எல்லையும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நமது செங்கற்பட்டு ஜில்லாவில் வெயில் எவ்வளவு கடுமையாயிருக்கும் என்பது யாவரும் அறிந்ததே. சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி 45 பாகை சென்டிகிரேடு உஷ்ணம் பதிவாயிற்று. அத்தகைய நாட்களில் மாடுகளை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டிக் காப்பாற்றக் குடியானவர்கள் அறிவார்கள். ஏரியிலும் குளத்திலும் உள்ள மீன் தானாகவே ஆழத்திற்குச் சென்று தன்னைக் காத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் உள்ள மீனுக்கோ ஓடி ஒளிய ஆழமும் இல்லை, நிழலும் இல்லை. அதனை வளர்ப்பவரே காப்பாற்ற வேண்டும்.

1909-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்ட காலத்தில், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது ஒரு வேடிக்கையாகவே கருதப்பட்டது. இன்று அது ஓர் உபதொழிலாகிவிட்டது. வட சென்னையைச் சேர்ந்த கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்பிலும் வியாபாரத்திலும் நாடெங்கும் பெயர் பெற்றது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவிலும் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு உதவிக்குரிய தொழிலாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே தொட்டி நீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது வெறும் பொழுதுபோக்குக்காரரின் கவலையன்று. ஒரு பருவம் முழுதும் வளர்த்த குஞ்சுகளை ஒரே பிற்பகலில் இழக்காதிருக்கும் உபாயமுமாகும்.

உஷ்ணத்தால் மீன் மடிவது ஏன்?

மீனின் உடற்சூடு அது வசிக்கும் நீரின் சூட்டையே பின்பற்றும். நீர் 10 பாகை சூடேறினால், மீனுக்குத் தேவையான பிராணவாயு ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் நீர் சூடேற ஏற, அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறைந்துகொண்டே போகும். 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம், 35 பாகையில் 7 மில்லிகிராம் மாத்திரமே. தேவை ஏறும் வேளையில் வரவு இறங்குவதால் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மிச்சமான தீனி அழுகினால் எஞ்சிய பிராணவாயுவும் செலவாகிவிடும். ஆகையால் வெயில் மிகுந்த நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைத்துக் காலையில் மட்டும் இடுவது நலம்.

விசிறி நீரைக் குளிர்விப்பது எவ்வாறு?

விசிறியின் காற்று குளிர்ந்த காற்றன்று. அறையிலுள்ள அதே காற்றுத்தான். அது நீர்மட்டத்தின் மீது வீசும்போது அங்குத் தங்கியுள்ள ஈரக்காற்றை அகற்றி, நீர் விரைவாக ஆவியாகும்படி செய்கிறது. ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய உஷ்ணத்தை எஞ்சிய நீரிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், நனைத்த வெட்டிவேர்த் தட்டி அறையைக் குளிர்விப்பதும் இக்காரணம் பற்றியே.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். வெளியிலிருந்து வேறு உஷ்ணம் புகாவிடில், 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியாவதால் மட்டும் மற்ற நீர் சுமார் 6 பாகை குளிர வேண்டும். சுவரிலும் கண்ணாடியிலும் வெப்பம் இடைவிடாது புகுவதால், நடைமுறையில் 2 முதல் 4 பாகை வரையே குறையக் காண்கிறோம். எனினும் 33 பாகைக்கும் 30 பாகைக்கும் உள்ள இவ்வேற்றுமையே பல மீன்களுக்கு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேற்றுமையாகிவிடுகிறது.

எல்லையை அறியும் எளிய சோதனை

காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. ஆகவே விசிறி வாங்குமுன், தம் வீட்டில் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஒவ்வொருவரும் சோதித்தறியலாம். ஓர் உஷ்ணமானியின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, தொட்டி இருக்கும் அறையிலுள்ள நீரால் நனைத்து, ஐந்து நிமிஷம் நன்றாக விசிறுக. அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுவே எல்லை. எத்தனை விசிறிகளை வைத்தாலும் தொட்டி நீர் அந்த அளவுக்குக் கீழே குளிராது. பெரும்பாலும் அதற்கு ஓரிரு பாகை மேலேயே நிற்கும்.

உதாரணமாக, மதுராந்தகத்தில் நடுப்பகலில் 38 பாகை உஷ்ணமும் 100-க்கு 35 பங்கு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். ஈரத்துணி உஷ்ணமானி ஏறக்குறைய 26 பாகை காட்டும். அதே நேரத்தில் மாமல்லபுரத்தில் கடற்காற்று வீசி, 34 பாகை உஷ்ணமும் 100-க்கு 70 பங்கு ஈரப்பதமும் இருப்பின், அது 29 பாகைக்கு மேல் காட்டும். கடற்கரையில் வெயிலின் கடுமை குறைவாயிருந்தும் விசிறியின் பயன் அங்கே குறைவு என்பதைக் கவனிக்க. பிற்பகலில் கடற்காற்று உள்நாட்டிற்கும் எட்டுவதுண்டாதலால், இச்சோதனையை நண்பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் செய்தல் வேண்டும்.

இவ்வெல்லைக்கு ஏற்றபடியே மீனையும் தெரிந்தெடுக்க வேண்டும். தங்கமீனும் கோய் கெண்டையும் குளிர்ச்சியை விரும்புபவை. 30 பாகைக்கு மேல் துன்புறும். கப்பி, மோலி முதலியவை வெப்பத்தைச் சற்றுத் தாங்கும். குராமியும் சண்டை மீனும் நீர்மட்டத்திற்கு வந்து வெளிக்காற்றையும் சுவாசிக்கும் தன்மையுடையவை. கடற்கரைக் கிராமங்களில் உள்ளோர் முதலில் பின்னிரண்டு வகைகளை வளர்ப்பதே உத்தமம்.

செய்முறை

1. தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைக்க. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி கொசுவலையைக் கட்டுக.

2. விசிறியைத் தொட்டியின் விளிம்பில், காற்று நீர்மட்டத்தைத் தடவிச் செல்லுமாறு சாய்த்துப் பொருத்துக. நீரில் சிற்றலை எழும்புவது பிராணவாயு கரைவதற்கும் உதவும்.

3. அறையை மூடிவைத்து விசிறியை ஓட்டலாகாது. ஆவி வெளியேற வழியின்றி அறைக்காற்று ஈரமாகி, குளிர்ச்சி நின்றுவிடும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்க.

4. நீர் சூடேறிய பின் ஓட்டுவதைவிட, காலை 9 மணிக்கே தொடங்குவது மேல். தொட்டி விளக்கை நடுப்பகலில் அணைத்துவிடுக.

5. பனிக்கட்டியைத் தொட்டியில் போடலாகாது. திடீரென்று ஏற்படும் மாறுதல் வெப்பத்தைக் காட்டிலும் கேடு செய்யும். விசிறி மெல்ல மெல்லக் குளிர்விப்பதே அதன் சிறப்பு.

குறையும் நீரை ஈடுசெய்தல்

விசிறி ஓடும் தொட்டியில் நீர் நாள்தோறும் குறையும். நீர் மட்டும் போகிறதேயன்றி அதிலுள்ள உப்புக்கள் போவதில்லை. 100 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் குறைந்து, அதனைக் கிணற்று நீரால் நிரப்பி வந்தால், 50 நாட்களில் உப்பின் அளவு இரு மடங்காகிவிடும். வயலில் உப்பு நீரைப் பாய்ச்சி நிலம் களராவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே குறைந்த அளவைச் சேமித்த மழைநீரால் நிரப்புக. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக. குளோரின் கலந்த குழாய் நீரானால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பின்பு வார்க்க. கடல்மீன் வளர்ப்போரும் குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றிக் கடல்நீரால் அன்று.

மின்சாரம் பற்றிய எச்சரிக்கை

நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பது அபாயம். மேஜை விசிறியைத் தொட்டியின் மீது தொங்கவிடலாகாது. 12 வோல்ட்டில் ஓடும் சிறு விசிறியே போதும். அதற்குச் செலவாவது சுமார் 3 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் நூற்றில் மூன்று பங்கே. மேஜை விசிறியோ அதே நேரத்தில் அரை யூனிட் செலவழிக்கும். கம்பி வழியே நீர் வடிந்து பிளக்கை அடையாதிருக்க, கம்பியைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுக. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வீட்டில் இருத்தல் அவசியம். தொட்டிக்குள் கை வைக்குமுன் எல்லா இணைப்புக்களையும் நிறுத்துக.

மின்சாரம் நின்றுபோனால் 12 வோல்ட் விசிறியை பாட்டரியில் ஓட்டலாம். அதுவும் இல்லாவிடில், தொட்டியின் வெளிப்புறத்தில் ஈரத்துணியைப் போர்த்தி, ஒரு குவளையால் நீரை மொண்டு மேலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றி வருக.

சிமெண்டுத் தொட்டிகளுக்கு

கொல்லையில் உள்ள பெரிய தொட்டிகளுக்கு விசிறி தகுந்த சாதனமன்று. அங்கே வெயிலைத் தடுப்பதே முதல் வேலை. தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ அமைத்து, காற்று நாற்புறமும் உலாவ விட வேண்டும். தொட்டியின் வெளிச்சுவரில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வந்தால், வீசும் காற்றே செலவின்றி விசிறியின் வேலையைச் செய்யும்.

பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் மீன் தொட்டி வைத்திருப்போரும், மகளிர் குழுக்களுக்கு இத்தொழிலில் யோசனை கூறும் கிராம அதிகாரிகளும் கோடை பிறக்குமுன் ஈரத்துணிச் சோதனையைச் செய்துகாட்டுதல் நலம். உஷ்ணமானி ஒன்றின் விலை சொற்பம். தம் ஊர்க் காற்றின் எல்லையை அறிந்து, அதற்கேற்ற மீனை வாங்கி, அதன் பின் விசிறியைப் பொருத்துவோர் பங்குனியில் விட்ட குஞ்சுகளை ஆனியிலும் உயிருடன் காண்பார்கள்.